விழுந்த பணம் யாருடையது?

"விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு" என்ற வாசகம் தமிழ்நாட்டு அரசின் லாட்டரிச் சீட்டோடு சேர்ந்து ஊரெங்கும் பரவியது. அரசு அந்தச் சீட்டைக் கொண்டுவந்தது 1968ல். அதற்கு முந்தைய ஆண்டே கேரளம் லாட்டரிக்கென்று தனித்துறை அமைத்திருந்தது. 1968 ஜனவரி 26 அன்று நடந்த அதன் முதல் குலுக்கலில் ஒரு ரூபாய்ச் சீட்டுக்கு முதல் பரிசு 50,000 ரூபாய். தமிழ்நாட்டில் 2003ல் லாட்டரி தடை செய்யப்பட்டது. கேரளத்தில் இன்றும் நடக்கிறது; 2022 முதல் அங்கே திருவோணம் பம்பரின் முதல் பரிசு 25 கோடி, சீட்டு விலை 500 ரூபாய். எல்லை தாண்டிப் போய் அதை வாங்கிவரும் தமிழ்நாட்டுக்காரர்கள் ஏராளம். 2023ல் முதல் பரிசு விழுந்ததே கூட்டாகச் சீட்டு வாங்கிய தமிழ்நாட்டு நண்பர்கள் சிலருக்குத்தான். அந்தப் பழைய வாசகம் வீட்டுக்கும் நாட்டுக்கும் நடுவே ஒரு கோடு போட்டது. பணம் ஒன்று இந்தப் பக்கம் விழும், அல்லது அந்தப் பக்கம் போகும். எனக்கு ஐயம் அந்தக் கோட்டின் மீதுதான். உழைப்பில்லாமல், எதிர்பாராமல் ஒரு சாதாரணக் குடும்பத்தின் வாசலுக்கு வரும் பெரும்பணம் முழுக்க முழுக்க அந்த வீட்டுக்கே உரியதா? சட்டம் இதற்கு எப்போதோ பதில் சொல்லிவிட்டது. 25 கோடியில் முகவர் கமிஷன் 10 சதவீதம், மீதியில் வருமான வரி 30 சதவீதம், இவை போக நிற்பது 15.75 கோடி, அதிலும் வரியின் மேல் விழும் கூடுதல் வரியைக் கழித்தால் மிஞ்சுவது வென்றவருடையது. அறம் கேட்கும் கேள்விக்கு இந்தக் கழித்தல் கணக்கு போதாது. 500 ரூபாய்ச் சீட்டுகள் 5 லட்சம் விற்றால் வரும் தொகைதான் 25 கோடி. ஒரு வீட்டில் விழுந்த பணம், 5 லட்சம் பேர் ஆசையோடு கொடுத்துவிட்டு இழந்த பணம்.

இந்தக் கேள்விக்குள் போகுமுன் ஒரு பொய்யான ஆறுதலை விலக்கிவிட வேண்டும். திடீர்ப் பணம் நிலைக்காது, நிம்மதி தராது, குடியைக் கெடுக்கும் என்று சொல்வது நம்மிடையே பழகிப்போன பேச்சு. அதற்கு அறிவியல் துணையாக அடிக்கடி இழுக்கப்படுவது, அமெரிக்க உளவியலாளர் பிலிப் பிரிக்மனும் அவருடைய சகாக்கள் இருவரும் 1978ல் வெளியிட்ட ஆய்வு. இல்லினாய் மாநில லாட்டரியில் பெரும்பரிசு பெற்ற 22 பேரையும், விபத்தில் உடல் செயலிழந்த 29 பேரையும், இந்த இரண்டிலும் சேராத சிலரையும் அவர்கள் ஒப்பிட்டார்கள். பரிசு பெற்றவர்கள் இரண்டிலும் சேராதவர்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவு மகிழ்ச்சியாக இல்லை. நண்பரோடு பேசுவது, காலை உணவு உண்பது போன்ற அன்றாட இன்பங்களில் அவர்களுக்குச் சுவை குறைந்திருந்தது. இந்த முடிவு வாய்வழியாகப் பரவும்போது, பரிசு பெற்றவரும் விபத்தில் சிக்கியவரும் கடைசியில் ஒரே அளவு மகிழ்ச்சிக்கு வந்துவிடுகிறார்கள் என்று திரிந்தது. ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. விபத்துக்கு ஆளானவர்கள் மற்ற இரு சாராரையும்விட மகிழ்ச்சி குறைந்தே இருந்தார்கள். 22 பேரிடம் கேட்டதை மனித இயல்பின் சட்டமாக ஆக்குவதும் சரியில்லை. எரிக் லிண்ட்க்விஸ்ட், ராபர்ட் ஓஸ்ட்லிங், டேவிட் சேஸாரினி ஆகிய பொருளியலாளர்கள் சுவீடனில் ஆயிரக்கணக்கான பரிசுதாரர்களைப் பரிசு விழுந்து 5 முதல் 22 ஆண்டுகள் கழித்து விசாரித்து, 2020ல் முடிவை வெளியிட்டார்கள். பெரிய தொகை பெற்றவர்களுக்குத் தம் வாழ்க்கையைப் பற்றிய நிறைவு கூடியிருந்தது. பத்தாண்டுகள் கடந்தும் அது தேயவில்லை. அந்தந்த நாளின் மகிழ்ச்சியிலும் மனநலத்திலும் மாற்றம் மிகச் சிறிது. ஆக, பணம் ஒன்றும் செய்யாது என்பது உண்மையில்லை. அது செய்வது களிப்பூட்டும் வேலை இல்லை என்பது மட்டும் உண்மை. பணத்தால் நிம்மதி வராது என்று சொல்பவர் பெரும்பாலும் போதுமான பணம் உள்ளவர் என்பதையும் மறக்கக் கூடாது. நாலடியாரின் முதல் அதிகாரமே செல்வம் நிலையாமைதான். ஆனால் அது பேசுவது வைத்திருப்பவனிடம், பலரோடு பகிர்ந்து உண்ணச் சொல்லி. இல்லாதவனிடம் போய், இல்லாமல் இருப்பதே நல்லது என்று அது சொல்லவில்லை.

அப்படியானால் பெரும்பணம் ஒரு சாதாரண வீட்டுக்கு உண்மையில் எதைத் தருகிறது? அச்சம் நீங்குவதைத் தருகிறது என்பது என் முடிவு. மாத வருமானத்தில் ஓடும் வீட்டில் பணம் என்பது பெரும்பாலும் ஒரு தேதி. ஜூன் மாதம் பள்ளிக் கட்டணம், நகைக் கடனுக்கு வட்டி கட்டித் திருப்பி வைக்க வேண்டிய நாள், குழுக்கடன் தவணை கேட்டு ஆள் வரும் கிழமை, தண்டல்காரர் வரும் வேளை. நடுவில் ஒரு காய்ச்சல் ஆஸ்பத்திரிவரை போனால் இந்தத் தேதிகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று சரியும். தமிழ்நாட்டில் லாட்டரியைத் தடை செய்த அதே 2003ல்தான் கந்துவட்டித் தடைச் சட்டமும் வந்தது. சீட்டு வாங்கிய வீடுகளும் வட்டிக்கு வாங்கிய வீடுகளும் பெரும்பாலும் ஒன்றே என்பதால் இந்த இரண்டும் ஒரே ஆண்டில் வந்ததில் எனக்குப் பொருள் தெரிகிறது. புத்தர் அனாதபிண்டிகர் என்ற வணிகருக்கு இல்லறத்தானின் இன்பங்கள் நான்கு என்று சொன்னதாக அங்குத்தர நிகாயம் என்ற பௌத்த நூலில் உள்ளது: அறவழியில் உழைத்துச் சேர்த்த பொருள் உடைமை, அதைத் துய்த்தல், கடன் இல்லாமை, குற்றம் இல்லாமை. துறவியாகிய ஒருவர் கடனில்லாமையைத் தனி இன்பமாக எண்ணிச் சொன்னதைக் கவனிக்க வேண்டும். இன்னொரு பொருளை அடைவதைப் போன்றதன்று அது. கழுத்தில் இருந்த கை எடுபடுவது. பெரும்பணம் வந்த வீட்டின் முதல் நன்மையும் அதுவே.

இதற்கு நான் அறிந்த மிகத் தெளிவான சான்று வட கரோலினாவின் மலைப்பகுதியிலிருந்து வருகிறது. அங்கே வாழும் செரோக்கி பழங்குடியினர் 1990களில் தங்கள் நிலத்தில் சூதாட்ட விடுதி தொடங்கி, இலாபத்தில் ஒரு பகுதியைத் தம் மக்கள் ஒவ்வொருவருக்கும் சமமாகப் பங்கிட்டார்கள். யாரும் அதற்காகக் கூடுதல் உழைப்பு எதையும் செய்ய வேண்டியதில்லை. அதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே டியூக் பல்கலைக்கழகத்தின் ஜேன் காஸ்டெல்லோ குழு அந்த வட்டாரத்தின் 1,420 குழந்தைகளின் மனநலத்தை ஆண்டுதோறும் பார்த்து வந்ததால், பணம் வருவதற்கு முன்னும் பின்னும் ஒப்பிட முடிந்தது. 2003ல் வெளியான முடிவின்படி, வறுமையிலிருந்து மேலேறிய குடும்பங்களின் குழந்தைகளிடம் முரட்டுத்தனம், அடங்காமை போன்ற நடத்தைச் சிக்கல்கள் ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்து, வறுமையே அறியாத குழந்தைகளின் அளவுக்கு வந்துவிட்டன. பதற்றமும் மனச்சோர்வும் மாறவில்லை. காரணத்தைத் தேடியபோது ஆய்வாளர்களுக்கு முதன்மையாகக் கிடைத்தது, பெற்றோர் பிள்ளைகளைக் கவனிக்கத் தொடங்கியிருந்தார்கள் என்பதே. பணம் அந்தப் பெற்றோருக்குப் புதிய அன்பைக் கொடுத்துவிடவில்லை. அன்பு ஏற்கெனவே இருந்தது. அச்சம் அதை நெருக்கித் தள்ளியிருந்தது. இதைப் படிக்கும்போதெல்லாம் ஏழை வீட்டுப் பிள்ளை கெட்டுப்போனதற்கு வளர்ப்பைக் குறை சொல்லும் நம் ஊர்ப் பேச்சு நினைவுக்கு வந்து வலிக்கிறது.

இனி அடுத்த படி. பணம் வந்தபோது போன அச்சம் பல வீடுகளில் ஏன் திரும்பி வருகிறது? அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், லாட்டரியில் 50,000 முதல் 1,50,000 டாலர்வரை பெற்றவர்களை, மிகச் சிறு பரிசு பெற்றவர்களோடு ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். முதல் இரண்டு ஆண்டுகள் பெரிய பரிசுக்காரர்கள் திவாலாவது பாதியாகக் குறைந்தது. மூன்றாம் ஆண்டிலிருந்து ஐந்தாம் ஆண்டுக்குள் அது மறுபடி ஏறி, முன் கிடைத்த நன்மையைச் சமன் செய்துவிட்டது. கடனை அடைக்கப் போதுமான பணம் வந்தும் திவால் தள்ளிப்போனதே தவிர நிற்கவில்லை. கனடாவில் நடந்த ஆய்வு இன்னும் கசப்பானது. ஒரு தெருவில் ஒருவருக்குப் பரிசு விழுந்தால், பரிசு பெரிதாகப் பெரிதாக அக்கம்பக்கத்தார் திவாலாவது கூடியது. அப்படித் திவாலானவர்கள் கார், வீடு என்று கண்ணுக்குத் தெரியும் சொத்துகளில் அதிகம் போட்டிருந்தார்கள். ஒரு வீட்டின் அதிர்ஷ்டம் பக்கத்து வீட்டை மெல்ல அரித்திருக்கிறது. கேரளத்தில் பெரும்பரிசு பெற்றவர்கள் உதவி கேட்டு வருவோரின் கூட்டம் தாங்காமல் சொந்த வீட்டில் இருக்க முடியாமல் போன செய்திகளை நாம் படித்திருக்கிறோம். முன்பு கடன்காரர் வந்து கதவைத் தட்டுவாரோ என்ற பயம். இப்போது உறவினர் வந்து தட்டுவாரோ என்ற பயம். கதவுக்குப் பின்னால் நிற்கும் மனிதர் அப்படியேதான் இருக்கிறார். பணத்தை ஒரு சுவருக்குள் வைத்துக் காக்கத் தொடங்கியவுடன், சுவருக்கு வெளியே உள்ள எல்லோரும் அபாயமாகத் தெரிகிறார்கள். அச்சமின்மையை ஒரு வீடு மட்டும் தனியே வைத்திருக்க முடியாது என்று நான் சொல்வது இதனால்தான்.

ஒரு சாதாரணக் குடும்பத்துக்குத் திடீரென்று பெருஞ்செல்வம் வந்த நிகழ்வைத் தமிழ் மிகப் பழங்காலத்திலேயே பதிவு செய்து வைத்திருக்கிறது. புறநானூற்றுப் புலவர் பெருஞ்சித்திரனாரின் வீடு எப்படி இருந்தது என்பதை அவருடைய 159, 160ஆம் பாடல்களில் பார்க்கலாம். சாவு வரவில்லையே என்று நொந்துகொள்ளும் முதிய தாய்; குப்பையில் முளைத்த இளங்கீரையைப் பறித்து உப்பில்லாமல் வேகவைத்து உண்ணும் மனைவி; பாலில்லாத மார்பைச் சுவைத்துவிட்டு, உள்ளே ஒன்றுமில்லாத கலத்தைத் திறந்து பார்த்து அழும் குழந்தை; அதற்குப் புலியென்று பயம் காட்டியும் நிலாவைக் காட்டியும் தாய் போராடுவது. முதிரமலைத் தலைவன் குமணன் இந்தக் குடும்பத்துக்குப் பெரும்பரிசில் கொடுத்தான். வீடு திரும்பிய புலவர் தம் மனைவியிடம் சொன்னது 163ஆம் பாடல். உன்னை விரும்பி வாழ்பவர்களுக்குக் கொடு, நீ விரும்புபவர்களுக்குக் கொடு, சுற்றத்தில் மூத்த பெண்களுக்குக் கொடு, நம் வீட்டுப் பசி தீரக் கடன் தந்தவர்களுக்குக் கொடு என்கிறார். இன்னாருக்கு என்று ஆராயாதே, என்னிடமும் கேட்காதே, வைத்துக்கொண்டு வளமாக வாழ்வோம் என்று எண்ணாதே, எல்லோருக்கும் கொடு என்று முடிக்கிறார். இந்தப் பாடலைக் கொடைப் பெருமிதமாகவே பலரும் படிக்கிறார்கள். எனக்கு இதில் அதைவிட முக்கியமாகப் படுவது அந்தப் பட்டியல். அதில் இருப்பவர்கள் வழியில் போகும் இரவலர்கள் இல்லை. குமணன் வருமுன் அந்தக் குழந்தையை உயிரோடு வைத்திருந்தவர்கள் அவர்கள்தான். வறுமையில் ஒரு குடும்பம் தனியாகப் பிழைப்பதில்லை. அளந்து வாங்கி அளந்து திருப்பிக் கொடுக்கும் அண்டை வீடுகளின் வலையில் பிழைக்கிறது. பெரும்பணம் வந்ததும் அந்த வலையை அறுத்துக்கொண்டு மேலே போகிற குடும்பம், அந்தப் பணம் தீர்ந்த பிறகு விழுவதற்கு ஒன்றும் இல்லாத குடும்பம். புலவருக்கு இது தெரிந்திருக்கிறது. கொடுக்கும் பொறுப்பை மனைவியிடம் விட்டதிலும் பொருளுண்டு. எந்த வீட்டில் எத்தனை முறை நாழி அரிசி வாங்கினோம் என்பது அவளுக்குத்தான் தெரியும். சங்க இலக்கியத்தின் ஆற்றுப்படைகளும் இதே மனநிலையில் பிறந்தவை. பரிசு பெற்றுத் திரும்புகிற பாணனோ கூத்தனோ எதிரே வருகிற வறியவனை நிறுத்தி, நீயும் போ, இன்ன வழியில் போ, இன்னாரிடம் கேள் என்று வழி சொல்கிறான். செல்வம் கிடைத்த இடத்தை மறைக்காமல் சொல்வதையே ஒரு இலக்கிய வகையாக ஆக்கிய சமூகம் இது.

அப்படியென்றால் எவ்வளவு கொடுப்பது? பெருஞ்சித்திரனார்போல எல்லாவற்றையும் கொடுத்துவிடு என்று இன்றைய குடும்பத்திடம் சொல்ல நான் துணிய மாட்டேன். இன்னொரு குமணன் இருக்கிறான் என்ற நம்பிக்கையில் வாழ அதற்கு வழியில்லை. இந்த இடத்தில் எனக்கு மிக நுட்பமாகத் தோன்றுவது இஸ்லாமிய அறநெறியின் அளவுகோல். சேமித்த பணத்துக்கும் வணிகப் பொருளுக்கும் ஜகாத் நாற்பதில் ஒரு பங்கு. நீர் இறைத்துப் பாய்ச்சி விளைவித்த பயிருக்கு இருபதில் ஒரு பங்கு. மழையிலேயே விளைந்த பயிருக்குப் பத்தில் ஒரு பங்கு. மண்ணுக்கடியில் கிடைத்த பழம்புதையலுக்கு ஐந்தில் ஒரு பங்கு. மனித உழைப்பு குறையக் குறையப் பிறருக்குரிய பங்கு இரட்டிப்பாகிக்கொண்டே போகிறது என்பதை 14ஆம் நூற்றாண்டு அறிஞர் இப்னுல் கய்யிம் எடுத்துக் காட்டியிருக்கிறார். லாட்டரியை இஸ்லாம் சூதாட்டமாகக் கருதி விலக்குகிறது. ஆகவே லாட்டரிப் பணத்துக்கு அதில் தனிக் கணக்கு இருக்க வழியில்லை. நான் எடுத்துக்கொள்வது அந்த விகிதத்தின் பின்னாலுள்ள எண்ணத்தை: வியர்வை சிந்திச் சேர்த்ததில் சேர்த்தவரின் உரிமை உறுதியானது, வானம் கொடுத்ததிலும் மண் கொடுத்ததிலும் அது தளர்கிறது. வள்ளுவர் இதே இடத்துக்கு இன்னொரு வாசல் வழியாக வருகிறார். ஒப்புரவறிதல் அதிகாரத்தில், முயன்று ஈட்டிய பொருளெல்லாமே தக்கவர்களுக்கு உதவுவதற்குத்தான் என்கிறார். முயன்று ஈட்டியதற்கே அதுதான் விதி என்றால் முயலாமல் வந்ததற்கு என்ன விதி என்பதை அவர் தனியே சொல்ல வேண்டியிருக்கவில்லை. லூக்கா சுவிசேஷத்தின் 12ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்லும் உவமையிலும் ஒரு நிலக்காரனுக்கு எதிர்பாராத அளவு விளைந்துவிடுகிறது. பழைய களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்டத் திட்டமிடுகிறான். அவன் யாரையும் ஏமாற்றவில்லை, திருடவில்லை. அவனுடைய யோசனை முழுவதிலும் அவனைத் தவிர வேறு மனிதர் ஒருவரும் வரவில்லை. அதற்காகத்தான் அவன் மூடன் என்று அழைக்கப்படுகிறான்.

இதற்கு எதிரான வாதங்களில் மிகவும் வலுவானது இது: தலைமுறை தலைமுறையாக ஒன்றும் இல்லாத ஒரு வீட்டுக்கு முதல்முறையாக ஏதோ வந்திருக்கிறது, அதற்குள் கொடு கொடு என்று உபதேசமா? இந்தக் கோபம் நியாயமானது. அதனால்தான் வரிசை முக்கியம். கடன் அடைய வேண்டும்; தலைக்குமேல் கூரை உறுதியாக வேண்டும்; நோய் வந்தால் நகையை அடகு வைக்காத நிலை வேண்டும்; பிள்ளைகள் படிக்க வேண்டும். சிகாலன் என்ற இளைஞனுக்குப் புத்தர் சொன்ன அறிவுரையில் வருமானத்தை நான்கு பங்காக்கி, ஒன்றைத் துய்க்கவும் இரண்டைத் தொழிலில் இடவும் ஒன்றை இடர்க்காலத்துக்கு வைக்கவும் சொல்கிறார். இல்லறத்தானைப் பட்டினி போட்டுத் தர்மம் செய்யச் சொல்லும் அறம் எந்த மரபிலும் பெருவழக்காக இல்லை. பத்து லட்சம் விழுந்த வீட்டில் இந்தத் தேவைகள் தீரும்போதே பணமும் தீர்ந்துவிடும். அந்த வீட்டின்மேல் எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை. கோடிகள் விழுந்த வீட்டில் இவையெல்லாம் தீர்ந்த பிறகும் பெரும்பகுதி நிற்கும். நான் பேசுவது அந்த நிற்கும் பகுதியைப் பற்றி.

இரண்டாவது வாதம் வினைக் கொள்கையிலிருந்து வருகிறது. அவன் செய்த புண்ணியம், அவனுக்கு விழுந்தது. முற்பிறப்பில் உழைத்த கூலியை இப்போது வாங்குகிறான், அதில் பிறருக்கு என்ன பங்கு? இதை ஏற்றால் பக்கத்து வீட்டின் பட்டினியும் அவர்கள் செய்த பாவத்தின் கூலி என்று ஏற்க வேண்டிவரும். பிறகு ஈகை என்பதே இயற்கையின் தீர்ப்பில் குறுக்கிடும் குற்றமாகிவிடும். ஊழின் வலிமையைத் தனி அதிகாரமாகப் பாடிய வள்ளுவர் அந்த முடிவுக்கு வரவில்லை. ஈகையையும் ஒப்புரவையும் அதே அறத்துப்பாலில் ஊழுக்கு முன்னே வைத்தார். இரவச்சம் அதிகாரத்தில், பிச்சை எடுத்துத்தான் ஒருவன் உயிர்வாழ வேண்டுமென்றால் உலகைப் படைத்தவனே அலைந்து கெடட்டும் என்று சபிக்கிறார். ஊழை நம்பிய ஒருவர் ஊழின் பெயரால் பசியை நியாயப்படுத்த மறுத்த இடம் அது. என் வாதத்துக்கு அதற்குமேல் ஒரு துணை தேவையில்லை.

மூன்றாவது வாதம் நடைமுறை சார்ந்தது. கொடுக்கத் தொடங்கினால் உறவினர்கள் விடமாட்டார்கள், கொடுத்தவனுக்குப் பகையே மிஞ்சும் என்பார்கள். நடப்பது பல இடங்களில் அப்படித்தான். ஆனால் அந்தப் பகை எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். ஒருவரிடம் மட்டும் பணம் இருக்கிறது, அவர் மனம் வைத்தால் எனக்கு, வைக்காவிட்டால் இல்லை என்ற நிலை, கேட்பவரைக் கெஞ்சுபவராகவும் கொடுப்பவரைச் சிறு அரசராகவும் ஆக்குகிறது. இருவரையுமே அது கெடுக்கிறது. கென்யாவில் சியாயா மாவட்டத்தின் 653 கிராமங்களில் நடந்த ஒரு பெரிய சோதனை வேறொரு வழியைக் காட்டுகிறது. கிவ்டைரக்ட்லி என்ற தொண்டு நிறுவனம் 10,500க்கும் மேற்பட்ட ஏழைக் குடும்பங்களுக்குக் குடும்பத்துக்கு ஏறத்தாழ 1,000 டாலர் வீதம் கொடுத்தது. எங்கு பார்த்தாலும் திடீர்ப் பணம். பணம் பெற்றவர்கள் நன்றாக உண்டார்கள், கூரையை மாற்றினார்கள். பணம் பெறாத அண்டை வீடுகளும் மேலே வந்தன. அந்தப் பணம் கடைக்காரர், தச்சர், கூலியாள் என்று கை மாறிக்கொண்டே போய், கொடுத்த ஒவ்வொரு டாலருக்கும் அந்த வட்டாரத்தின் பொருளாதாரம் ஏறத்தாழ இரண்டரை டாலர் அளவுக்கு வளர்ந்தது. விலைவாசி ஏறியது மிகச் சொற்பமே. கனடாவில் தெருவில் ஒரு வீட்டில் மட்டும் குவிந்த பணம் பக்கத்து வீட்டைக் கடனில் தள்ளியது. கென்யாவில் பல வீடுகளில் பரவிய பணம் பெறாத வீட்டையும் தூக்கியது. நாடுகள் வேறு, வறுமையின் அளவு வேறு, ஆகவே இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்தி நிறை போட முடியாது என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் உறவினர் கைக்கு ரகசியமாகக் கொடுப்பதைவிட, ஊர்ப் பள்ளிக்கு, நூலகத்துக்கு, வட்டியில்லாக் கடன் தரும் ஒரு பொது நிதிக்குக் கொடுப்பது ஏன் பகையைக் குறைக்கும் என்பதற்கு இதில் ஒரு விளக்கம் இருக்கிறது. பொதுவில் இருப்பதை யாரும் கெஞ்சிக் கேட்க வேண்டியதில்லை.

கடைசியாக ஒன்று, எனக்கே மிகவும் கனமாகத் தோன்றும் வாதம். அதிர்ஷ்டத்தில் வந்ததற்கெல்லாம் பங்கு உண்டென்றால் லாட்டரி வென்றவரை மட்டும் ஏன் பிடிக்க வேண்டும்? பிடிக்கக் கூடாது என்பதே பதில். நம் சட்டம் இந்த விஷயத்தில் நேர்மையாக இல்லை. லாட்டரிப் பரிசுக்கு 30 சதவீத வரி. வென்றவர் வேறு வருமானமே இல்லாத கூலித் தொழிலாளியானாலும் அடிப்படை விலக்கு கூட அந்தப் பணத்துக்குக் கிடையாது. தந்தை விட்டுச் சென்ற சொத்துக்கு இந்தியாவில் 1953 முதல் எஸ்டேட் டூட்டி என்ற வரி இருந்தது. 1985ல் அதை நீக்கினார்கள். இன்று எத்தனை கோடியானாலும் வாரிசாகப் பெறுவதற்கு வரி இல்லை. பிறந்த வீட்டை யாரும் உழைத்துத் தேர்ந்தெடுப்பதில்லை; அதைவிடப் பெரிய குலுக்கல் எது? நகரம் தன் பக்கம் நகர்ந்து வந்ததால், அரசு போட்ட சாலையால், வந்த ரயில் பாதையால் பத்து மடங்கு விலை ஏறிய மனையை வைத்திருப்பவரும் புதையல் எடுத்தவரே. விற்கும்போது அவர் கட்ட வேண்டியது பெரும்பாலும் 12.5 சதவீதம். அவர்கள் யாரையும் நாம் அதிர்ஷ்டசாலி என்று சொல்வதில்லை, வசதியான குடும்பம் என்கிறோம். அந்த வீடுகளின் வாசலில் கூட்டம் கூடுவதில்லை, திடீர்ப் பணம் குடியைக் கெடுக்கும் என்று யாரும் அவர்களிடம் எச்சரிப்பதும் இல்லை. உழைப்பில்லாமல் வந்ததில் ஐந்தில் ஒரு பங்கு பிறருக்கு என்ற கணக்கை எழுதத் தொடங்கினால், முதல் வரியில் வர வேண்டிய பெயர்கள் அவர்களுடையவை. சீட்டு விழுந்த கூலித் தொழிலாளியின் கணக்கில் 30 சதவீதம் ஏற்கெனவே கழிந்துவிட்டது.